வாரியம் ஒருபுறம், லீக் மறுபுறம்: மேற்கிந்திய வீரர்களின் சச்சரவை எப்படிப் புரிந்துகொள்வது?

மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. "பணத்துக்காக நாட்டைக் கைவிட்டவர்கள்" என்பது ஒன்று. "வாரியத்துக்கு நிர்வாகம் செய்யத் தெரியாது" என்பது மற்றொன்று. கிறிஸ் கெய்ல், டுவைன் பிராவோ, சுனில் நரைன், கைரன் பொல்லார்ட் எனத் தமிழ் ரசிகர்களுக்கு வீட்டுப் பிள்ளைகளைப் போலப் பழகிய பெயர்கள் பலவும் இந்தத் தீர்ப்புகளில் அடிபடுகின்றன. இரண்டிலும் சிறிதளவு உண்மை உண்டு. ஆனால் ஒரே மாதிரியான சண்டை ஏன் இத்தனை ஆண்டுகளாக, இத்தனை வெவ்வேறு வீரர்களோடும் நிர்வாகிகளோடும் திரும்பத் திரும்ப நிகழ்கிறது என்பதை இரண்டுமே விளக்கவில்லை. ஆட்கள் மாறியும் சண்டை மாறவில்லை என்றால், அதன் வேர் ஆட்களின் குணத்தில் மட்டும் இருக்க முடியாது. அந்த வேர் எங்கே இருக்கிறது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். கிரிக்கெட் நிர்வாகம் பற்றி ஏதும் அறியாதவரும் பின்தொடரலாம்.

## ஆறு ஊர்க் கோயிலும் ஒரு நாதஸ்வரக்காரரும்

ஆறு ஊர்களுக்கும் பொதுவான ஒரு கோயிலை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கென ஒரு நாதஸ்வரக்காரர் இருக்கிறார். சிறுவயதில் அந்தக் கோயில் மண்டபத்தில்தான் வாசிக்கக் கற்றார்; அவர் பெயர் வெளியே தெரிந்ததும் அந்தக் கோயில் திருவிழாவால்தான். கோயில் அவருக்கு ஆண்டுக்கு ஒரு தொகை கொடுக்கிறது. கோயிலின் வருமானம் குறைவு என்பதால் அந்தத் தொகையும் குறைவு.

வைகாசி பிறக்கிறது. நகரத்துக் கல்யாண மண்டபங்களிலிருந்து அழைப்புகள் வருகின்றன. ஒரு முகூர்த்தத்துக்குக் கிடைக்கும் சம்பாவனை, கோயில் பல மாதங்களில் கொடுப்பதற்குச் சமம். கோயிலின் பெருந்திருவிழாவும் அதே வைகாசியில்தான் வருகிறது. நாதஸ்வரக்காரர் என்ன செய்வார்? அவருடைய மூச்சும் உதடும் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஒத்துழைக்கும் என்பது அவருக்கே தெரியாது. கோயில் நிர்வாகம் என்ன செய்யும்? அவர் இல்லாத திருவிழாவுக்குக் கூட்டம் குறையும், காணிக்கை குறையும், அடுத்த ஆண்டு அவருக்குக் கொடுக்கும் தொகையும் குறையும். அப்போது அவர் வெளியே போவதற்கான காரணம் இன்னும் வலுப்பெறும்.

இந்தச் சுழலில் யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. எல்லோரும் அவரவர் நிலையில் நியாயமாக நடந்துகொண்டாலும் சண்டை வரும். கரீபியன் கடலோரத்தில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

## நாடு என்று ஒன்று இல்லை

இந்தியா, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் என்று சொல்வது போல மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயரில் நாடு எதுவும் இல்லை. அந்தப் பெயரில் ஆடுவது பல தனித்தனி நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்து அமைத்த ஓர் அணி. பார்படோஸ், ஜமைக்கா, கயானா, டிரினிடாட் அண்ட் டொபாகோ ஆகிய நான்கும் லீவர்ட் தீவுகள், விண்ட்வர்ட் தீவுகள் என்னும் இரண்டு தீவுக் கூட்டங்களும் சேர்ந்த ஆறு உறுப்பு வாரியங்களின் மேல் ஒரு தலைமை வாரியம் நிற்கிறது. அதன் தலைமையகம் ஆன்டிகுவாவில் உள்ளது. 2017 முதல் அதன் பெயர் கிரிக்கெட் வெஸ்ட் இண்டீஸ். இக்கட்டுரையில் "வாரியம்" என்றால் இதையே குறிக்கும்.

இந்த அமைப்பினால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது பணம். இந்த நிலப்பரப்புகளின் மக்கள்தொகை அனைத்தையும் கூட்டினாலும் சென்னைப் பெருநகரின் மக்கள்தொகையை எட்டாது. உள்ளூர்த் தொலைக்காட்சிச் சந்தை மிகச் சிறியது. இந்தியாவோ இங்கிலாந்தோ சுற்றுப்பயணம் வரும் ஆண்டில்தான் ஒளிபரப்பு உரிமையால் கணிசமான வருமானம். மற்ற ஆண்டுகளில் தீவுக்குத் தீவு விமானப் பயணம், விடுதி எனச் செலவே முந்திக்கொள்ளும்.

இரண்டாவது, பற்று. ஓர் இந்திய வீரர் அணிக்கு வராவிட்டால் அவருடைய நாடு அவரைக் கேள்வி கேட்கும். ஒரு ஜமைக்கா வீரர் வாரியத்தோடு சண்டையிட்டாலோ, ஜமைக்கா பெரும்பாலும் அவர் பக்கம் நிற்கும். ஏனெனில் வாரியம் அவர்களுக்குக் கடல் தாண்டி ஆன்டிகுவாவில் இருக்கும் ஓர் அலுவலகம். இதனாலேயே இச்சண்டைகளில் பிரதமர்கள் தலையிட்டிருக்கிறார்கள். கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கேரிகாம் 2015இல் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. வாரியத்தையே கலைத்துவிட வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. வாரியம் அதை ஏற்கவில்லை.

சுருங்கச் சொன்னால், வருமானம் குறைந்ததும், தனக்கென ஒரு தேசத்தின் பற்று இல்லாததுமான ஒரு வாரியம், உலகம் முழுவதும் விலைபோகும் வீரர்களை வைத்திருக்கிறது.

## தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று சொற்கள்

பிரான்சைஸ் லீக் என்பது தனியார் முதலாளிகளுக்குச் சொந்தமான அணிகள், பல நாட்டு வீரர்களை விலைக்கு எடுத்துச் சில வாரங்கள் ஆடும் போட்டித் தொடர். 2008இல் தொடங்கிய ஐபிஎல் இதில் பெரியது. ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ், பாகிஸ்தானின் பிஎஸ்எல், கரீபியனிலேயே 2013 முதல் நடக்கும் சிபிஎல் ஆகியவை பிற.

ஆண்டு ஒப்பந்தம் என்பது வாரியம் ஒரு வீரருக்கு ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஆண்டு முழுவதற்கும் கொடுக்கும் நிலையான ஊதியம். அதில் கையெழுத்திட்டவருடைய நாட்களின் மேல் முதல் உரிமை வாரியத்துக்கே. கையெழுத்திடாதவர் ஆடிய போட்டிக்கு மட்டும் ஊதியம் பெறுவார்.

தடையில்லாச் சான்று என்பது வேறொரு நாட்டின் லீக்கில் ஆட ஒரு வீரருக்கு அவருடைய வாரியம் தரும் எழுத்துப்பூர்வமான அனுமதி. ஆண்டு ஒப்பந்தம் இல்லாத வீரருக்கும் இது தேவை. நம் கதையில் கோயில் தர்மகர்த்தா கொடுக்கும் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சீட்டைக் காரணமின்றி மறுப்பது எளிதன்று. 1977இல் ஆஸ்திரேலியத் தொழிலதிபர் கெரி பேக்கர் உலகின் சிறந்த வீரர்களைத் தனித் தொடருக்கு ஒப்பந்தம் செய்தபோது, அவர்களுக்குத் தடை விதிக்க முயன்ற அமைப்புகளை இலண்டன் உயர் நீதிமன்றம் தடுத்து, அது தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றி முடக்குவது எனத் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து வாரியங்கள் இந்த ஆயுதத்தை எச்சரிக்கையோடுதான் எடுக்கின்றன. எஞ்சியிருக்கும் பெரிய ஆயுதம் ஒன்றே: அணியில் சேர்க்காமல் விடுவது. மேற்கிந்திய வாரியம் அதையே மீண்டும் மீண்டும் எடுத்தது.

## நாட்காட்டியில் ஒளிந்திருக்கும் காரணம்

வெளியூரில் சம்பாதிப்பது மேற்கிந்திய வீரர்களுக்குப் புதிதன்று. லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் இங்கிலாந்தின் நெல்சன் கழகத்துக்குச் சம்பளத்துக்கு ஆடினார். 1933இல் மேற்கிந்திய அணி இங்கிலாந்துக்கே வந்தபோது, அந்தக் கழகம் விடுவிக்காததால் மூன்று டெஸ்ட் போட்டிகளில் ஒன்றில் மட்டுமே அவரால் ஆட முடிந்தது. அதாவது இந்தச் சச்சரவுக்கு ஐபிஎல்லைவிட எழுபத்தைந்து வயது அதிகம்.

ஆயினும் 1960கள் முதல் 1980கள் வரை மேற்கிந்திய வீரர்கள் பெரும் எண்ணிக்கையில் இங்கிலாந்துக் கவுண்டி அணிகளுக்கு ஆடியபோது இத்தனை மோதல் எழவில்லை. கவுண்டிப் பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. கரீபியனில் டெஸ்ட் பருவம் பொதுவாக ஜனவரிக்கும் மேக்கும் இடையில் அமையும். வருமானம் ஒரு பருவத்தில், நாட்டுக்கான ஆட்டம் மற்றொரு பருவத்தில் என்று ஆண்டு பெருமளவுக்குத் தானாகவே பிரிந்திருந்தது.

ஐபிஎல் வந்தபோது அந்தப் பிரிவினை உடைந்தது. ஏப்ரல், மே மாதங்கள் கரீபியனின் உள்நாட்டுப் பருவத்தோடு நேரடியாக மோதுகின்றன. இங்கிலாந்துப் பயணம் இருக்கும் ஆண்டில் அதன் தொடக்கத்தோடும் மோதுகின்றன. இந்திய வீரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் லீக்கும் தேசிய அணியும் ஒரே வாரியத்தின் கையில் இருக்கின்றன. அந்த மாதங்களில் அவர்களுக்கு வேறு போட்டிகளே வைக்கப்படுவதில்லை. இலாபம் ஈட்டும் லீக் ஒரு நாட்டிலும் அதற்கு வீரர்களைத் தரும் வாரியம் வேறொரு நாட்டிலும் இருக்கும்போதுதான் இழுபறி வருகிறது. பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இது.

## 2014 ஜூன் 1

சுனில் நரைனின் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனெனில் முழுச் சிக்கலும் ஒரே நாளுக்குள் அதில் அடங்கியிருக்கிறது. 2012 தொடக்கத்தில் கொல்கத்தா அணி அவரை 7 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தபோது அவர் ஒரு டெஸ்ட் போட்டியும் ஆடியிருக்கவில்லை. உலகம் அவரை முதலில் மதிப்பிட்டது லீக் வழியாகத்தான்.

2014 ஜூன் 8 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நியூஸிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடர் தொடங்கவிருந்தது. அதற்கான ஆயத்த முகாமுக்கு ஜூன் 1க்குள் வந்து சேர வேண்டும் என வாரியம் நாள் குறித்தது. கொல்கத்தா அணி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. இறுதிப் போட்டி நடந்த நாளும் ஜூன் 1தான், இடம் பெங்களூரு. நரைன் இறுதிப் போட்டியில் ஆடினார், கொல்கத்தா கோப்பையை வென்றது, வாரியம் அவரை டெஸ்ட் தொடருக்கு எடுக்கவில்லை.

கோப்பை கைக்கு எட்டும் நாளில் அணியை விட்டு எழுந்து போ என்று ஒரு விளையாட்டு வீரரிடம் கேட்பது கடினமான கோரிக்கை. அதே நேரம், ஒருவருக்காக நாளைத் தள்ளிவைத்தால் மற்றவர்களிடம் எந்த முகத்தோடு ஒழுங்கு கேட்பது என்ற வாரியத்தின் கவலையும் பொய்யன்று. ஆனால் முகாம் தொடங்கிய நாளுக்கும் டெஸ்ட் தொடங்கிய நாளுக்கும் இடையே ஏழு நாட்கள் இருந்தன. அந்த ஏழு நாட்களுக்குள் ஓர் உடன்பாடு காண முடியாமல் போனது எனக்கு இன்றும் பெரிய வருத்தம். நரைன் மொத்தம் 6 டெஸ்ட் போட்டிகளோடு நின்றுவிட்டார். கடைசியாக ஆடியது 2013 டிசம்பரில்.

## கெய்ல்: பணச் சண்டையா, மரியாதைச் சண்டையா?

கெய்லின் வழக்கு வேறு வகை. 2009 மே மாதம், அணித்தலைவராக இருந்த அவர் ஐபிஎல் ஆட்டங்களை முடித்துக்கொண்டு லார்ட்ஸ் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு இங்கிலாந்து வந்து இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட் இல்லாமல் போனாலும் தனக்குப் பெரிய துயரம் இராது என்ற பொருளில் ஒரு நாளேட்டிடமும் பேசினார். கடும் விமர்சனம் எழுந்தது. 2010இல் கெய்ல், பிராவோ, பொல்லார்ட் மூவரும் ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தனர். அணித்தலைமை டேரன் சமிக்குப் போனது.

2011 ஏப்ரலில் ஜமைக்கா வானொலி ஒன்றில் வாரியத்தையும் பயிற்சியாளரையும் கெய்ல் வெளிப்படையாகக் குறைகூறினார். பாகிஸ்தான் தொடருக்கான அணியில் அவர் பெயர் இல்லை. பெங்களூரு அணி உடனே அவரை அழைத்துக்கொண்டது. தன் அணி பாகிஸ்தானுடன் சொந்த மண்ணில் ஆடிக்கொண்டிருந்த அதே வாரத்தில், கொல்கத்தாவில் முதல் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 102 ஓட்டங்கள் எடுத்தார். அந்தப் பருவத்தில் அவர் குவித்தவை 608 ஓட்டங்கள்.

வாரியத்தின் ஆயுதம் எப்படி மழுங்கியது என்பதை இங்கே காணலாம். ஒரு காலத்தில் அணியிலிருந்து நீக்கப்படுவது என்றால் வீரரின் வாழ்வாதாரமே போவது. லீக்குகள் வந்த பிறகு, நீக்கப்பட்ட வீரருக்கு நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்துக்கு விலையும் கிடைக்கிறது. தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது விடுமுறையாக மாறியது. ஓராண்டுக்கு மேல் இந்த நிலை நீடித்து, பிரதமர்கள் மட்டத்தில் பேச்சு நடந்த பிறகு 2012இல் கெய்ல் அணிக்குத் திரும்பினார். அதே ஆண்டு அக்டோபரில் கொழும்பில் இலங்கையை வென்று மேற்கிந்திய அணி டி20 உலகக் கோப்பையைத் தூக்கியது. அவர் திரும்பிய சில மாதங்களில் கிடைத்த அந்தக் கோப்பையை நினைத்தால், இழந்த அந்த நீண்ட இடைவெளி யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

நரைனின் மோதல் நாளைப் பற்றியது. கெய்லின் மோதல் வானொலிப் பேச்சையும் மதிப்பையும் பற்றியது. இரண்டிலும் லீக் இருக்கிறது. ஆனால் அது வகிக்கும் பங்கு ஒன்றன்று.

## தர்மசாலாவில் நடந்தது லீக் சண்டை அன்று

இந்த விஷயத்தில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 2014 இந்தியப் பயணம். ஐபிஎல் பணத்தைப் பார்த்தவர்கள் நாட்டுக்காக ஆட மறுத்தார்கள் என்றே இன்றும் பலர் சொல்கிறார்கள். நடந்தது வேறு.

அந்த ஆண்டு செப்டம்பரில் வாரியமும் வீரர் சங்கமும் ஒரு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதுவரை சர்வதேச வீரர்களுக்கு வந்துகொண்டிருந்த விளம்பர ஆதரவுப் பணத்தின் ஒரு பகுதியை எடுத்து, ஆறு பிராந்திய அணிகளிலும் அணிக்குப் பதினைந்து பேர் வீதம் 90 உள்நாட்டு வீரர்களுக்கு முழுநேர ஊதியம் கொடுப்பது திட்டம். குழப்பத்தைக் கூட்டும் வகையில் இந்தப் பிராந்திய அணிகளுக்கும் "பிரான்சைஸ்" என்றே பெயர் வைத்தார்கள். இவை தனியார் முதலாளிகளின் அணிகள் அல்ல. நோக்கம் நல்ல நோக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யாருடைய பையிலிருந்து பணம் எடுக்கப்படுகிறதோ அவர்களிடம் முறையாகக் கேட்கவில்லை என்பதே வீரர்களின் குற்றச்சாட்டு. தங்கள் வருமானம் 75 விழுக்காடு வரை குறையும் என்று ஒருநாள் அணித்தலைவர் பிராவோ வீரர் சங்கத் தலைவர் வேவெல் ஹைன்ட்ஸுக்கு எழுதினார். தங்கள் சார்பில் பேச சங்கத்துக்கு உரிமையில்லை என்று வீரர்களும், உண்டு என்று வாரியமும் நின்றன.

கொச்சியில் முதல் போட்டிக்கு முந்தைய நாளே வீரர்கள் பயிற்சிக்கு வரவில்லை. எப்படியோ சில போட்டிகள் நடந்தன. அக்டோபர் 17 அன்று தர்மசாலாவில் நான்காவது போட்டி. டாஸ் போடுவதற்கு அணித்தலைவர் ஒருவர்தான் நடுவுக்கு வருவது வழக்கம். அன்று பிராவோவோடு அணி முழுவதும் நடந்து வந்து அவர் பின்னால் நின்றது. அந்த ஆட்டம் முடிந்ததும் பயணமும் முடிந்தது. மீதமிருந்த ஓர் ஒருநாள் போட்டி, ஒரு டி20, மூன்று டெஸ்ட் போட்டிகள் அனைத்தும் கைவிடப்பட்டன. இந்திய வாரியம் ஏறத்தாழ 4.2 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. பிராவோவும் பொல்லார்டும் 2015 உலகக் கோப்பைக்கான அணியில் இடம்பெறவில்லை. 23 வயது ஜேசன் ஹோல்டர் தலைமை ஏற்றார்.

லீக்குக்கும் இதற்கும் மறைமுகமான தொடர்பு ஒன்று உண்டு, மறுக்கவில்லை. வேறு வருமானம் இருந்ததால்தான் அந்த வீரர்களால் துணிந்து நிற்க முடிந்தது. ஆனால் சண்டையின் பொருள் ஊதியப் பங்கீடு. 1998இல் பிரையன் லாராவும் அணியினரும் தென்னாப்பிரிக்கா போகாமல் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தருகே விடுதியில் தங்கிப் போராடியதும், 2009இல் முன்னணி வீரர்கள் விலகியதால் இரண்டாம் நிலை அணி வங்கதேசத்திடம் டெஸ்ட் தொடரை 2-0 என இழந்ததும் இதே வகை. லாராவின் காலத்தில் ஐபிஎல்லே பிறக்கவில்லை.

ஆக, "லீக் சண்டை" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சண்டைகள் அழைக்கப்படுகின்றன: நாள் மோதல், மதிப்பு பற்றிய மோதல், ஊதியப் பங்கு பற்றிய மோதல். அடுத்த முறை ஒரு செய்தியைப் படிக்கும்போது, இவற்றில் எது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## விதி போட்டுத் தடுக்க முடிந்ததா?

உள்நாட்டு 50 ஓவர் தொடரில் ஆடியவர்களுக்கே ஒருநாள் அணியில் இடம் என்று வாரியம் ஒரு விதியைக் கடைப்பிடித்தது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த உள்நாட்டுத் தொடர் 2016 ஜனவரியில் பிக் பாஷ் நடக்கும் நாட்களிலேயே நடந்தது. கெய்லும் ஆண்ட்ரே ரஸலும் அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். தகுதி விதி என்ற பெயரில் அது தேர்ந்தெடுக்கச் சொல்லும் விதியாகிவிட்டது. 2017இல் வாரியம் இறங்கிவந்து விதியைத் தளர்த்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்துக்கு எதிராகக் கெய்லும் மார்லன் சாமுவேல்ஸும் ஒருநாள் அணிக்குத் திரும்பினர்.

அதற்குள் வழக்கம் மாறிவிட்டிருந்தது. 2018 மார்ச்சில், ஜிம்பாப்வேயில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட வேண்டிய நிலை மேற்கிந்தியத் தீவுகளுக்கு முதன்முறையாக வந்தது. கெய்லும் சாமுவேல்ஸும் வந்தார்கள். நரைன், ரஸல், பொல்லார்ட் ஆகியோர் பிஎஸ்எல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். மழையால் சுருங்கிய ஆட்டத்தில் ஸ்காட்லாந்தை 5 ஓட்டங்களில் வென்று அணி தப்பித்தது. 2023இல் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அதே ஸ்காட்லாந்திடம் ஹராரேயில் தோற்று, இந்தியாவில் நடந்த உலகக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை.

## ஒரே முதலாளி, நான்கு நாடுகள்

அண்மைக்கால மாற்றம் ஒன்று எல்லாவற்றையும்விட ஆழமானது. ஐபிஎல் அணிகளின் உரிமையாளர்கள் பிற நாடுகளிலும் அணிகளை வாங்கிவிட்டார்கள். நரைன் கொல்கத்தாவில் ஆடும் அதே குழுமத்துக்கு டிரினிடாடிலும் அபுதாபியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் அணிகள் உள்ளன. நம் நாதஸ்வரக்காரரை இப்போது தனித்தனி வீட்டார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஆண்டின் எல்லா முகூர்த்தங்களையும் கையில் வைத்திருக்கும் ஒரே மண்டபக்காரர் கூப்பிடுகிறார். வாரியம் இனிப் போட்டியிடுவது சில வார வேலையோடு அன்று, முழு ஆண்டு வேலையோடு.

2023 டிசம்பரில் ஹோல்டர், நிக்கலஸ் பூரன், கைல் மேயர்ஸ் மூவரும் ஆண்டு ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. டி20 போட்டிகளுக்கு மட்டும் வருவதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் ஹோல்டரும் மேயர்ஸும் இல்லாமல், டெஸ்ட்டே ஆடியிராத ஏழு பேரோடு ஆஸ்திரேலியா சென்ற அணி, பிரிஸ்பேனில் 8 ஓட்டங்களில் வென்றது. படகில் மட்டுமே சென்றடையக்கூடிய பராகரா என்னும் கயானா கிராமத்திலிருந்து வந்து, சில காலம் முன்புவரை பாதுகாவலராக வேலை பார்த்த ஷமார் ஜோசஃப், காயம்பட்ட கால்விரலோடு 68 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். சில வாரங்களில் லக்னோ ஐபிஎல் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. வாரியமும் உடனே அவருடைய ஒப்பந்தத்தை உயர்த்தியது. எவ்வளவு பணம் வந்தாலும் மேற்கிந்திய அணிக்கு டெஸ்ட் ஆட வருவேன் என்று அவர் சொன்னபோது கரீபியனே நெகிழ்ந்தது. அவர் மனதாரச் சொன்னார் என்றே நம்புகிறேன். ஆனால் ஓர் இளைஞரின் நல்ல மனதை மட்டும் நம்பி ஓர் அமைப்பு நடக்கக்கூடாது.

அதை வாரியமும் உணர்ந்திருக்கிறது. 2024 அக்டோபரில் முதன்முறையாகச் சில வீரர்களுக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. "இந்த ஆண்டு மட்டும்" என்ற நிலையற்ற நிலையைக் குறைத்து, லீக்குக்கான நாட்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள அது வழி செய்கிறது. சரியான திசையில் எடுத்த அடி. பத்து ஆண்டுகள் முன்பே எடுத்திருக்க வேண்டிய அடி.

2025 ஜூனில், மேற்கிந்தியத் தீவுகளுக்காக டி20 போட்டிகளில் மிக அதிக ஓட்டங்கள் எடுத்திருந்த பூரன் 29 வயதில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த டி20 உலகக் கோப்பைக்கு எட்டு மாதங்களே இருந்தன. அதே மாதம் அமெரிக்காவில், மும்பை ஐபிஎல் அணியின் உரிமையாளர்களுக்குச் சொந்தமான நியூயார்க் அணிக்குத் தலைவராகக் களமிறங்கினார்.